பேலட்டின் பின்பக்கம்

இந்தக் கேள்வி–பதில் பக்கத்துக்கு வழக்கமாக இட்லி மாவு புளிக்காதது முதல் மருமகள் பேசாதது வரை எல்லாம் வரும். இந்தத் தடவை வந்த கடிதங்களில் முக்கால்வாசி தேர்தலைப் பற்றியவை. 2026 நவம்பர் 3-க்கு இப்போதே தயாராகிறீர்கள் போலிருக்கிறது. சரி, சேர்த்தே பதில் சொல்லிவிடுகிறேன்.

என்னைத் தெரியாதவர்களுக்காக: நான் பாளையங்கோட்டையில் பள்ளி ஆசிரியையாக இருந்தவள். ஆசிரியை என்றால் தேர்தல் டியூட்டியும் தப்பாது. 1996-ல் கடைசியாக ஒரு பூத்தில் மை வைத்துவிட்டு, அடுத்த வருடம் விமானம் ஏறினேன். இப்போது கலிபோர்னியாவின் சன்னிவேல். சில தேர்தல்களில் சான்டா கிளாரா கவுன்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) வோட் சென்டரில், அதாவது வாக்குச்சாவடியில், தற்காலிகப் பணியாளராக உட்கார்ந்திருக்கிறேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் இந்த இரண்டு மேஜைகளில் கற்றதுதான்.

புதிதாகக் குடியுரிமை பெற்றிருக்கிறேன். போன பொதுத்தேர்தலின் பேலட்டை (வாக்குச்சீட்டை) நண்பர் வீட்டில் பார்த்தேன். ஒன்றுக்கு மேற்பட்ட தாள்கள், இரண்டு பக்கமும் அச்சு. எல்லாவற்றையும் நிரப்பாவிட்டால் செல்லாத ஓட்டாகிவிடுமா? — சன்னிவேல் வாசகர்

ஆகாது. தெரிந்ததை நிரப்பலாம், தெரியாததை வெறுமனே விடலாம். நிரப்பியது மட்டும் எண்ணப்படும். ஒரே இடத்துக்கு இரண்டு பேரைக் குறித்தால்தான் அந்த இடம் மட்டும் வீண்; மீதிக்கு ஒன்றும் ஆகாது.

நம் ஊர் ஆட்களுக்கு இந்தத் தாளைப் பார்த்ததும் வரும் மயக்கம் எனக்கும் வந்தது. 1996-ல் மொடக்குறிச்சி சட்டமன்றத் தொகுதியில் 1,033 பேர் நின்றார்கள், நினைவிருக்கிறதா? வாக்குச்சீட்டைப் புத்தகம் மாதிரி அச்சடிக்க வேண்டியிருந்தது, தேர்தலையே தள்ளிவைத்தார்கள். ஆனால் அத்தனை பேரும் ஒரே ஒரு நாற்காலிக்கு. இங்கே தலைகீழ். ஒவ்வொரு நாற்காலிக்கும் ஆள் கொஞ்சம்தான், நாற்காலிகள்தான் ஏராளம். ஜனாதிபதி, செனட், காங்கிரஸ், மாநிலச் சட்டமன்றம், கவுன்டி சூப்பர்வைசர், நகர கவுன்சில், பள்ளி வாரியம், சமுதாயக் கல்லூரி வாரியம், தண்ணீர் வாரியம். அதெல்லாம் முடிந்த பிறகு கேள்விகள். மாநிலம் கேட்பது புரொபொசிஷன், அதற்கு எண். கவுன்டியும் நகரமும் பள்ளி மாவட்டமும் கேட்பது மெஷர், அதற்கு எழுத்து.

நான் குடியுரிமை பெற்ற வருடம் 2004. அந்த நவம்பரில் மாநிலக் கேள்விகள் மட்டும் 16. வீட்டுக்கு வந்த விளக்கப் புத்தகத்தைப் பார்த்து என் கணவர், "இது டெலிபோன் டைரக்டரி இல்லையே?" என்றார். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேஜையில் காப்பி டம்ளரோடு உட்கார்ந்தோம். மூன்று மணி நேரத்தில் ஒன்பது கேள்விதான் தாண்டினோம். மீதி ஏழை அப்படியே விட்டுவிட்டேன். தேர்வுத்தாளில் கேள்வியை விட்டுவந்த பிள்ளை மாதிரி உறுத்தியது. இப்போது உறுத்துவதில்லை. புரியாமல் ஒன்றைக் குறிப்பதைவிட வெறுமனே விடுவது எவ்வளவோ மேல்.

ஒரு சின்ன யோசனை: கடைசியிலிருந்து தொடங்குங்கள். பெரிய பதவிகளுக்கு யார் என்று நீங்கள் ஏற்கெனவே முடிவு செய்திருப்பீர்கள். மூளை களைப்பதற்கு முன் பள்ளி வாரியத்தையும் மெஷர்களையும் படித்துவிடலாம்.

"எஸ்" போட்டால் வேண்டும், "நோ" போட்டால் வேண்டாம். இதில் குழம்ப என்ன இருக்கிறது? — சான் ஹோசே வாசகர்

அப்படித்தான் ஐயா நானும் இருந்தேன், 2016 வரை.

அந்த வருடம் புரொபொசிஷன் 67 என்று ஒன்று வந்தது. மளிகைக் கடைகளில் மெல்லிய பிளாஸ்டிக் பைகளைத் தடை செய்து மாநிலச் சட்டமன்றம் 2014-லேயே சட்டம் போட்டிருந்தது. பை தயாரிப்பவர்கள் கையெழுத்துச் சேகரித்து, சட்டம் அமலுக்கு வராமல் நிறுத்தி, மக்களிடம் கொண்டுவந்தார்கள். இதற்குப் பெயர் ரெஃபரெண்டம். கேள்வியைத் தாளில் ஏற்றியவர்களுக்குத் தடை வேண்டாம். ஆனால் மக்களிடம் கேட்கப்படுவது "அந்தச் சட்டம் இருக்கட்டுமா?" என்பது. ஆகவே தடை வேண்டுமென்றால் "எஸ்". பை வேண்டுமென்றால் "நோ". பக்கத்திலேயே புரொபொசிஷன் 65 என்று இன்னொன்று, அதுவும் பையைப் பற்றித்தான். பைக்கு வசூலிக்கும் பத்து சென்ட் யாருக்குப் போக வேண்டும் என்பது அதன் விஷயம். என் தோழி ஒருத்தி காய்கறிக் கடையில் எப்போதும் துணிப்பை வைத்திருப்பவள். "பிளாஸ்டிக் பை கேள்விக்கு அழுத்தமாக நோ போட்டேன்" என்று பெருமையாகச் சொன்னாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. 67 எப்படியோ நிறைவேறிவிட்டது.

2024-ன் புரொபொசிஷன் 6 வேறு விதமான பாடம். கலிபோர்னியா அரசியல் சாசனத்தில் அடிமைமுறைக்குத் தடை இருக்கிறது. கட்டாய ஊழியத்துக்கும் தடை இருக்கிறது, ஆனால் குற்றத்துக்குத் தண்டனையாக என்றால் அது ஆகலாம் என்று ஒரு விலக்கு. சிறையில் கைதிகளை வேலை செய்யக் கட்டாயப்படுத்த முடிவது அதனால்தான். அந்த விலக்கை எடுத்துவிடலாமா என்பது கேள்வி. மாநில விளக்கப் புத்தகத்தில் இதற்கு எதிராக வாதம் எழுதிக் கொடுக்க ஒருவரும் வரவில்லை. எதிர்ப்பே இல்லாத கேள்வி, சுலபமாக நிறைவேறும் என்றுதான் நான் நினைத்தேன். ஏறக்குறைய 53 சதவீதம் "நோ". அதே நாளில் பக்கத்து மாநிலமான நெவாடாவில் கிட்டத்தட்ட இதே கேள்வி நிறைவேறியது. அங்கே தாளில் "அடிமைமுறை" என்ற சொல் இருந்தது. இங்கே வழக்கறிஞர் மொழியில் "விருப்பமில்லாத ஊழியம்" என்ற பாணியில் இருந்தது. வேறு காரணங்களும் இருக்கலாம். குற்றங்களுக்குத் தண்டனையைக் கடுமையாக்கும் புரொபொசிஷன் 36 அதே தாளில் பெரிய வித்தியாசத்தில் வென்ற வருடம் அது. ஆனாலும் ஒரு சொல்லுக்கு அவ்வளவு எடை உண்டு என்றுதான் எனக்குப் படுகிறது.

அதனால் நான் செய்வது ஒன்றுதான். விளக்கப் புத்தகத்தில் "எஸ் ஓட்டின் பொருள்", "நோ ஓட்டின் பொருள்" என்று இரண்டு சின்னக் கட்டங்கள் இருக்கும். முதலில் அதைப் படிப்பேன். பிறகு யார் யார் ஆதரவு, யார் யார் எதிர்ப்பு என்று வாதங்களுக்குக் கீழே உள்ள கையெழுத்துகளைப் பார்ப்பேன். நடுவில் இருக்கும் நீண்ட வசனங்களுக்கு அப்புறம்தான் வருவேன், வந்தால்.

பாண்டு மெஷர் நிறைவேறினால் என் வீட்டு வரி எவ்வளவு ஏறும்? எதிர்வீட்டுக்காரர் "ஒன்றும் பெரிதில்லை, தாராளமாக எஸ் போடுங்கள்" என்கிறார். — கூப்பர்டினோ வாசகி

எதிர்வீட்டுக்காரர் எந்த வருடம் வீடு வாங்கினார் என்று முதலில் கேளுங்கள்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. 1978-ல் நிறைவேறிய புரொபொசிஷன் 13-ன்படி, சொத்து வரிக்கான மதிப்பு வீட்டை வாங்கிய விலையில் தொடங்கி வருடத்துக்கு அதிகபட்சம் 2 சதவீதம்தான் ஏறும். சந்தை விலை எங்கே போனாலும் சரி. பாண்டு என்றால் அரசு அமைப்பு வாங்கும் கடன். அதை அடைப்பதற்கான வரியை மெஷரில் "மதிப்பில் ஒவ்வொரு 1,00,000 டாலருக்கும் இத்தனை டாலர்" என்று போட்டிருப்பார்கள். உதாரணத்துக்கு 15 டாலர் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் சமீபத்தில் 18 லட்சம் டாலருக்கு வாங்கியிருந்தால் வருடம் 270. அவர் நாற்பது வருடம் முன்பு வாங்கி, அவருடைய மதிப்பு இப்போது 3 லட்சம் என்றால் அவருக்கு 45. ஒரே மாதிரி வீடு, ஒரே தெரு. அவருக்கு ஒன்றும் பெரிதில்லைதான்! மெஷரின் கூடவே வரிவிகித அறிக்கை என்று ஒரு பக்கம் இருக்கும், எண்ணை அங்கே பாருங்கள். உங்கள் வீட்டின் மதிப்பு வருடாந்திர வரி ரசீதில் இருக்கும். பெருக்கிக்கொள்ள வேண்டியதுதான்.

பார்சல் வரி என்பது வேறு. அது பெரும்பாலும் மனைக்கு இவ்வளவு என்று ஒரே தொகை. பல பள்ளி மாவட்டங்களில் 65 வயது தாண்டிய உரிமையாளர்கள் விண்ணப்பித்தால் விலக்குத் தருகிறார்கள். விண்ணப்பிக்காவிட்டால் தர மாட்டார்கள். நம் பெரியவர்கள் பலருக்கு இது தெரிவதே இல்லை.

இன்னொன்றும் கவனியுங்கள்: நிறைவேற எத்தனை ஓட்டு வேண்டும் என்பதும் மெஷருக்கு மெஷர் மாறும். பள்ளிக் கட்டடங்களுக்கான பாண்டுக்கு 55 சதவீதம். 2000-ல் வந்த புரொபொசிஷன் 39 செய்த மாற்றம் அது. கவுன்டியோ நகரமோ பாண்டு கேட்டால் மூன்றில் இரண்டு பங்கு. 2016 நவம்பரில் வீட்டு வசதிக்காக நம் கவுன்டி 95 கோடி டாலர் கேட்டது, மெஷர் ஏ. கிடைத்தது ஏறக்குறைய 68 சதவீதம். தேவை 66.67. நூலிழை. வேறெந்தப் போட்டியிலும் 68 சதவீதம் என்றால் மாலை போட்டு ஊர்வலம் விடுவார்கள்.

இந்த மூன்றில் இரண்டு பங்கை வீட்டு வசதி, பொதுக் கட்டமைப்புப் பாண்டுகளுக்காவது 55 ஆகக் குறைக்கலாமே என்று 2024-ல் புரொபொசிஷன் 5 வந்தது. மக்கள் மறுத்துவிட்டார்கள். மறுத்தவர்கள் எத்தனை சதவீதம் தெரியுமா? சுமார் 55.

விற்பனை வரியில் ஒரு நுணுக்கம். அரசு அமைப்பே முன்வைக்கும் வரி, குறிப்பிட்ட ஒரு செலவுக்கென்றே இருந்தால் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். "பொதுச் செலவுக்கு" என்றால் பாதிக்கு மேல் கிடைத்தால் போதும். 2025 நவம்பரில் கவுன்டி கேட்ட மெஷர் ஏ இந்த இரண்டாவது வகை. ஐந்து வருடத்துக்கு டாலருக்கு எட்டில் ஐந்து சென்ட். பிரசாரம் முழுக்க மருத்துவமனைகளைப் பற்றி. சட்டப்படி அது பொதுக் கணக்குக்குப் போகும் பணம். நிறைவேறியது. நான் எப்படிப் போட்டேன் என்பது இருக்கட்டும். தாளில் உள்ள "பொது" என்ற சொல்லைப் பார்த்துவிட்டுத்தான் போட்டேன்.

வாடகை வீட்டில் இருக்கிறேன். வீட்டு வரி மெஷரெல்லாம் எனக்கு எதற்கு? — மில்பிடாஸ் வாசகர்

வரி ரசீது வீட்டுக்காரருக்கு வரும். வாடகை ஏறும் கடிதம் உங்களுக்கு வரும்.

என் அம்மாவுக்கு 78 வயது. குடியுரிமை இருக்கிறது. தமிழ் மட்டும்தான் படிப்பார். நானே நிரப்பிக் கையெழுத்து வாங்கிவிடுகிறேன், தப்பா அக்கா? — சான்டா கிளாரா வாசகி

அம்மா சொன்னதை நீங்கள் நிரப்பினால் தப்பில்லை. நீங்கள் நினைத்ததை அம்மா பெயரில் நிரப்பினால் அது குற்றம். இரண்டுக்கும் நடுவில் உள்ள கோடு உங்கள் வீட்டு மேஜையில்தான் இருக்கிறது, வேறு யாரும் வந்து பார்க்கப்போவதில்லை.

படிக்க, எழுத முடியாதவரோ, பார்வை அல்லது உடல் குறை உள்ளவரோ தனக்குப் பிடித்த ஆளை உதவிக்கு வைத்துக்கொள்ளலாம் என்பது மத்திய வாக்குரிமைச் சட்டம். வேலை கொடுப்பவரும் அவருடைய ஆளும், தொழிற்சங்க ஆளும் மட்டும் கூடாது. மகள் தாராளமாகக் கூடும்.

ஆனால் அதற்கு முன் ஒரு நல்ல செய்தி. நம் கவுன்டியில் தமிழில் மாதிரிச்சீட்டு உண்டு. உண்மையாகவே. ஸ்பானிஷ், சீனம், வியட்நாமியம், டகாலாக் மொழிகளில் ஓட்டுப் போடும் தாளே கிடைக்கும். தமிழ், தெலுங்கு, இந்தி, குஜராத்தி, பஞ்சாபி முதலிய மொழிகளில் பார்த்துப் படிக்க ஒரு நகல் வைத்திருப்பார்கள். அதில் குறித்தால் செல்லாது. அதைப் பக்கத்தில் வைத்துப் படித்துக்கொண்டு உண்மையான தாளில் குறிக்க வேண்டும். வோட் சென்டரில் கேட்டால் கொடுப்பார்கள். கேட்டால்தான். முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லி வீட்டுக்கும் வரவழைக்கலாம்.

2024-ல் நான் இருந்த இடத்துக்கு ஒரு பெரியவரம்மா பேரனோடு வந்தார். காஞ்சிபுரம் பட்டு, காலில் ஓடும் ஷூ. பேரனுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. பாட்டிக்குத் தமிழ் படிக்க வரும், ஆங்கிலம் வராது. நான் தமிழ்ச் சீட்டை எடுத்து மேஜையில் விரித்தேன். பாட்டி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முதல் வரியிலிருந்து சத்தமாகப் படிக்க ஆரம்பித்தார். ஓட்டு ரகசியம் பாட்டி, மனதுக்குள் படியுங்கள் என்றேன். "மனசுக்குள்ள படிச்சா எனக்கு ஏறாதும்மா" என்றார். கொஞ்சம் தள்ளி ஒரு மூலையில் நாற்காலி போட்டுக் கொடுத்தோம். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 18 டாலர் ஆக்கலாமா என்ற கேள்விக்கு வந்தபோது பேரனைக் கூப்பிட்டு, "நீ பீட்ஸா கடையில எவ்வளவு வாங்குறே?" என்று கேட்டது மட்டும் எங்கள் காதில் விழுந்தது. அந்தக் கேள்வி, புரொபொசிஷன் 32, மாநிலம் முழுக்க ஒன்றரை சதவீத வித்தியாசத்தில் தோற்றது. பாட்டி என்ன குறித்தார் என்று தெரியாது. தெரியவும் கூடாது.

மொழிபெயர்ப்பில் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். சட்டத் தமிழைக் கேட்டால் பாட்டிக்கே தலை சுற்றும். ஆனால் பெற்ற மகள் சுருக்கிச் சொல்வதைவிட, அச்சில் உள்ளதைத் தானே படிப்பது அவருக்கு வேறு விதமான நிமிர்வைத் தருகிறது. அதை நான் நேரில் பார்த்தேன்.

அம்மாவின் உறையை நீங்கள் கொண்டுபோய்ப் பெட்டியில் போட்டால், உறையில் அதற்கென உள்ள இடத்தில் உங்கள் பெயரும் கையெழுத்தும் வேண்டும். மறக்காதீர்கள்.

தபால் ஓட்டில் கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்றால்? — ஃப்ரீமாண்டிலிருந்து சான் ஹோசேக்குக் குடிவந்த வாசகர்

எனக்கே நடந்தது. பதிவில் இருந்தது ஆங்கிலக் கையெழுத்து. ஒரு வருடம் ஏதோ தமிழ்ப் பற்றில் உறையின் மேல் தமிழில் கையெழுத்துப் போட்டேன். பத்து நாளில் கடிதம் வந்தது: இது நீங்கள்தானா? உள்ளே இருந்த படிவத்தில் பழைய கையெழுத்தைப் போட்டு அனுப்பினேன், எண்ணிவிட்டார்கள். கடிதம் வந்தால் குப்பையில் போடாதீர்கள், அவ்வளவுதான். முகவரியையும் புதுக் கவுன்டிக்கு மாற்றிவிடுங்கள். ஃப்ரீமாண்ட் அலமேடா கவுன்டி. அங்கே உள்ள மெஷர்கள் வேறு, ஆட்கள் வேறு.

அப்பா கிரீன் கார்டில் இருக்கிறார். டிஎம்வியில் (ஓட்டுநர் உரிமம் தரும் அலுவலகம்) ஐடி எடுக்கும்போது வாக்காளராகப் பதிவதா என்று திரையில் கேட்டதாம். உள்ளூர்த் தேர்தலுக்கு மட்டுமாவது ஓட்டுப் போடலாமா? — மவுன்டன் வியூ வாசகர்

நம் கவுன்டியில் முடியாது. பதிவு செய்யவே கூடாது. பின்னால் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போது "எப்போதாவது வாக்காளராகப் பதிந்ததுண்டா, ஓட்டுப் போட்டதுண்டா" என்று படிவத்தில் கேட்பார்கள். தெரியாமல் பதிந்ததும் அங்கே தலைவலிதான். திரையில் குடிமகனா என்ற கேள்விக்கு "இல்லை" என்று தெளிவாகக் குறிக்கச் சொல்லுங்கள். ஏற்கெனவே ஏதாவது குறித்திருந்தால் உடனே ஒரு குடியேற்ற வழக்கறிஞரைப் பாருங்கள். என் பக்கத்துப் பதிலை நம்பி உட்காராதீர்கள்.

சான் பிரான்சிஸ்கோவில் மட்டும் குடியுரிமை இல்லாத பெற்றோர் பள்ளி வாரியத் தேர்தலில் ஓட்டுப் போடலாம். 2016-ல் அந்த ஊர் மக்கள் நிறைவேற்றியது, 2018-லிருந்து நடக்கிறது. அதுவும் அந்த ஊரில் வசிப்பவர்களுக்குத்தான்.

ஆனால் அப்பா சும்மா இருக்க வேண்டியதில்லை. கலிபோர்னியாவில் கிரீன் கார்டு உள்ளவர் தேர்தல் பணியாளராகலாம். பதினாறு வயது நிரம்பி, சராசரி மதிப்பெண் 2.5-க்குக் குறையாத உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளும் ஆகலாம். தமிழ் தெரிந்த ஆள் எங்களுக்கு எப்போதும் பற்றாக்குறை. மேஜைக்குப் பின்னால் அப்பா, பக்கத்தில் பேத்தி. நினைத்துப் பாருங்கள். வேட்பாளருக்கு நன்கொடை கொடுக்கவும் கிரீன் கார்டு உள்ளவருக்குத் தடையில்லை. எச்-1பி வேலை விசாவில் இருப்பவர்களுக்கு அது கூடாது.

நீங்கள் 2024-ல் கமலா ஹாரிஸுக்குத்தானே போட்டீர்கள்? நம்ம ஊர்ப் பெண் ஆச்சே! — பெயர் வேண்டாம் என்ற வாசகர்

என் கணவருக்கே சொல்லவில்லை.

கமலாவின் அம்மா சியாமளா கோபாலன் சென்னையில் பிறந்து, பத்தொன்பது வயதில் பெர்க்லிக்குப் படிக்க வந்தவர். தாத்தாவின் பூர்வீகம் மன்னார்குடிப் பக்கம் துளசேந்திரபுரம். அந்த ஊர்க் கோயிலில் நடந்த பூசைகளைத் தொலைக்காட்சியில் எல்லோரும் பார்த்தோம். பெருமைப்படுவதில் தப்பில்லை. ஆனால் வோட் சென்டரில் நான் பார்த்தது என்னவென்றால், அந்த ஒரு பெயருக்காகவே முதன்முறை வந்த நம்மவர்கள் சிலர், "மற்றதெல்லாம் எதற்கு?" என்று கேட்டுவிட்டு வெளியே போனார்கள். ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கும் கலிபோர்னியாவின் 54 தேர்வாளர் ஓட்டும் யாருக்குப் போகும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. உங்கள் தெருவில் சைக்கிள் பாதை வருமா என்பதுதான் சந்தேகத்தில் இருந்தது.

ஒரு ஓட்டில் என்ன ஆகிவிடும்? — அதே வாசகர், அதே கடிதத்தில்

2024 மார்ச் 5, முதற்கட்டத் தேர்தல். காங்கிரஸின் 16-வது தொகுதி. நம் கவுன்டியில் ஒரு பகுதி, சான் மேட்டியோ கவுன்டியில் ஒரு பகுதி. அப்போதைய உறுப்பினர் அன்னா எஷூ ஓய்வு பெறுகிறார், பதினொரு பேர் போட்டி. கட்சி எதுவானாலும் முதல் இரண்டு இடத்தவர்தான் நவம்பருக்குப் போவார்கள் என்பது இந்த மாநில விதி. முதலிடம் சான் ஹோசேயின் முன்னாள் மேயர் சாம் லிக்கார்டோ. இரண்டாமிடத்துக்கு மாநில சட்டமன்ற உறுப்பினர் ஈவன் லோ, 30,249. கவுன்டி சூப்பர்வைசர் ஜோ சிமிடியன், அவரும் 30,249. ஒன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை. சரி, மூன்று பேருமே நவம்பருக்கு என்றார்கள். பிறகு மறு எண்ணிக்கை கேட்டு, எண்ணி, ஈவன் லோ ஐந்து ஓட்டு முன்னால் வந்தார். சிமிடியன் வெளியே. நவம்பரில் லிக்கார்டோ ஜெயித்தார்.

மார்ச் மாதம் அந்தத் தொகுதியில் உறையைச் சமையலறை அலமாரியில் வைத்து மறந்த வீடு ஒன்று எனக்குத் தெரியும். அந்த வீட்டில் மூன்று ஓட்டு.

பொங்கல் விழாவில் பள்ளி வாரிய வேட்பாளர் ஒருவர் வேட்டி கட்டி வந்து "தமிழன் தமிழனுக்கே" என்றார். அவருக்குப் போடலாமா மாமி? — சன்னிவேல் வாசகி

வேட்டி நன்றாகக் கட்டியிருந்தாரா?

போடலாம், போடாமலும் இருக்கலாம். ஆனால் வேட்டிக்காக வேண்டாம். பள்ளி வாரியத்துக்கும் நகர கவுன்சிலுக்கும் தாளில் கட்சிப் பெயர் இருக்காது. பெயருக்குக் கீழே தொழில் மட்டும் அதிகபட்சம் மூன்று சொற்களில் இருக்கும். அந்த மூன்று சொல்லுக்கு வேட்பாளர்கள் மண்டையை உடைத்துக்கொள்வார்கள், ஏனென்றால் பலர் அதைப் பார்த்தே போடுகிறார்கள். கவுன்டி விளக்கப் புத்தகத்தில் வரும் வேட்பாளர் அறிக்கைக்குப் பெரும்பாலும் வேட்பாளரே பணம் கட்ட வேண்டும். ஒருவருடைய அறிக்கை இல்லையென்றால் அவருக்கு அக்கறை இல்லை என்று நினைக்காதீர்கள். கையில் காசில்லாமலும் இருக்கலாம்.

வேட்பாளரின் நன்கொடைக் கணக்குக்குப் படிவம் 460 என்று ஒன்று உண்டு. 100 டாலரும் அதற்கு மேலும் கொடுத்தவர்களின் பெயரும் தொழிலும் அதில் இருக்கும், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பெற்றோர்கள் நிறைய இருக்கிறார்களா, கட்டட ஒப்பந்தக்காரர்கள் நிறைய இருக்கிறார்களா என்று பாருங்கள். பத்து நிமிட வேலை.

எங்கள் பக்கத்து விழாவுக்கும் முன்பொருமுறை ஒருவர் வந்தார். உங்கள் மாவட்டத்தில் எத்தனை பள்ளிகள் என்று கேட்டேன். பக்கத்திலிருந்த மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாள் டக்கென்று சொன்னார். அவர் நின்றிருந்தால் யோசிக்காமல் போட்டிருப்பேன்.

தாளில் நீதிபதிகள் பெயர் வந்தால் என்ன செய்வது? — லாஸ் ஆல்டோஸ் வாசகர்

கவர்னர் தேர்தல் வருடங்களில் வரும், ஆகவே 2026-ல் எதிர்பாருங்கள். மாநில உச்ச நீதிமன்றம், மேல்முறையீட்டு நீதிமன்ற நீதிபதிகள் தொடரலாமா, "எஸ்" அல்லது "நோ". எதிர்த்து யாரும் நிற்பதில்லை. பெரும்பாலும் தொடர்வார்கள். 1986-ல் மட்டும் தலைமை நீதிபதி ரோஸ் பேர்டையும் இன்னும் இரண்டு பேரையும் மக்கள் வீட்டுக்கு அனுப்பினார்கள். மரண தண்டனை வழக்குகள்தான் பேச்சாக இருந்தது. எனக்கு அவர்கள் தீர்ப்புகளைப் படிக்கும் அறிவு இல்லை. பெரும்பாலும் வெறுமனே விட்டுவிடுகிறேன்.

நிரப்பிய தாளோடு செல்ஃபி எடுக்கலாமா? கட்சித் தொப்பி போட்டுப் போகலாமா? — கல்லூரி மாணவி, சான் ஹோசே

செல்ஃபி எடுக்கலாம், 2017-லிருந்து இந்த மாநிலத்தில் சட்டமே அனுமதிக்கிறது. தொப்பி, சட்டை, பேட்ஜ் எதிலும் வேட்பாளர் பெயரோடு வோட் சென்டரின் 100 அடிக்குள் வரக் கூடாது. வந்தால் கழற்றச் சொல்வோம். சட்டையாக இருந்தால் திருப்பிப் போட்டுக்கொண்டு வரச் சொல்வோம். செய்திருக்கிறேன்.

கடைசி நாள் எது? ஏன் இங்கே விரலில் மை வைப்பதில்லை? — என் சொந்தத் தம்பி, பாளையங்கோட்டை

முதல் கேள்வி உனக்கு எதற்கு? சரி, மற்றவர்களுக்குச் சொல்கிறேன். பதிவுக்குக் கடைசி நாள் தேர்தலுக்கு 15 நாள் முன்னால், அதாவது அக்டோபர் 19. அதைத் தவறவிட்டால் வோட் சென்டருக்கே போய் அங்கேயே பதிந்து அங்கேயே போடலாம். தாள்கள் 29 நாள் முன்பே தபாலில் கிளம்பிவிடும். தபாலில் அனுப்பினால் நவம்பர் 3 அல்லது அதற்கு முந்தைய தேதி முத்திரை இருக்க வேண்டும். அன்று சாயங்காலம் தெருமுனைப் பெட்டியில் போட்டால் முத்திரை மறுநாள்கூட விழலாம். ஓட்டுப் பெட்டி பக்கத்திலேயே இருக்கும், அதில் போடுங்கள்.

மை எதற்கு என்றால், தபாலில் ஓட்டுப் போடுகிறவர் விரலுக்கு யார் வந்து மை வைப்பது? உறையில் உள்ள பட்டைக்கோடும் கையெழுத்தும்தான் இங்கே மை. ஒட்டிக்கொள்ள ஒரு ஸ்டிக்கர் தருவார்கள், அது மறுநாள் வாஷிங் மெஷினில் போய்விடும். 1996-ல் நான் வைத்த மை உன் இடதுகை ஆள்காட்டி விரல் நகத்தில் எத்தனை வாரம் இருந்தது என்று நீயே சொல்.